தனி அலுவலர் காலத்தில் ஊராட்சிக் கணக்கைக் கேட்பது எப்படி?

மதுரை மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காத நிலையில் நிர்வாகம் அரசு நியமிக்கும் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லியும், 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் இதே கதைதான் நடந்தது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும், செலவு வார்டு உறுப்பினர்கள் முன் தீர்மானமாக வர வேண்டும் என்ற இரண்டு தடுப்புகளும் அதோடு போய்விட்டன. ஊராட்சியை மேற்பார்வையிட வேண்டிய வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராகவும் அமரும்போது, செலவழிப்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒருவராகிவிடுகிறார். அவர் நேர்மையானவரா என்பது வேறு கேள்வி. இந்த ஏற்பாடே கோளாறானது என்பதுதான் என் கருத்து.

இந்தக் காலத்திலும் வாக்காளர் கையில் மிஞ்சுவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், அதற்கு மேல் 10,000 வரை 200 பேரும் வந்திருக்க வேண்டும். கேட்க நினைப்பதைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்ட கேள்விக்குப் பிறகு சாட்சி கிடையாது. வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐப் பெரும்பாலும் பிளக்ஸ் பேனரில் கட்டியிருப்பார்கள். முதல் வேலையாக அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட வேண்டும், கூட்டம் கலைந்ததும் பேனரும் இறங்கிவிடும்.

கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டு விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே "வருகைக்குத்தான்" என்று சொல்லிப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். பேச்சிலேயே வராத மோட்டார் பழுதுச் செலவு ஒன்றை நாங்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாகப் பிறகு நகலில் படித்தபோது, என் கையெழுத்தும் அதன் கீழேதான் இருந்தது. அதனால் தீர்மானங்களை எழுதி, உரக்க வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு கிழித்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மேலூர்ப் பக்கம் பார்க்கலாம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் ஒன்றிய அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, மக்கள் திரண்டு நின்றதும் சேர்ந்துதான் அது பலித்தது. ஆனால் ஊரின் கருத்து இன்னதென்று காட்ட அந்தக் காகிதம் கையில் இருந்தது.

அடுத்தது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "ஏன் செலவழித்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தை அல்ல. "2025 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை குடிநீர் மின்மோட்டார் பழுதுபார்ப்புக்கு வழங்கப்பட்ட தொகைக்கான தீர்மான நகல், செலவுச் சீட்டுகள், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், ரொக்கப் பதிவேட்டு நகல் ஆகியவற்றை வழங்குக" என்று காலமும் பொருளும் பிசகாமல் எழுதுங்கள்; அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து பதியும் ஏடு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று பதவியை மட்டும் குறித்து அனுப்பினால் போதும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், போட்ட சிமென்ட் சாலையில் மாதிரி எடுக்கவும்கூட இச்சட்டத்தில் வழி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்ய வேண்டும். இந்தத் தடுப்பும் முன்போல் வலுவாக இல்லை என்பதை அறிந்தே இறங்குங்கள். ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சட்டமே வரையறுத்திருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசு முடிவு செய்கிறது. தனிப்பட்ட தகவல் என்று மறுக்கும் விலக்கும் 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் விரிக்கப்பட்டது. ஒப்பந்ததாரர் பெயரைக்கூட அந்தக் காரணம் காட்டி மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் என்னும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவை மேல்முறையீட்டில் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

கடைசி வழி, 2004 ஜூலை 24 முதல் ஒத்தக்கடை அருகே இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அங்கே அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரி ரிட் மனுப் போடும் பலருக்கும், "மனுதாரரின் கோரிக்கையைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலிக்கவும்" என்ற உத்தரவே கிடைக்கிறது; அந்தக் கோரிக்கையை முன்பே அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதுவும் கிடைப்பது கடினம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். போகும்போது படிவம் 30-இன் படம், கையொப்பமிட்ட மனு நகல், தீர்மான நகல், தகவல் உரிமை விண்ணப்பம், தபால் ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.