ஆயிலில் தண்ணீர்: ஹெட் கேஸ்கெட் மேல் பழி போட்டு நான்கு நாள் போச்சு

காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் 5 எச்.பி. டீசல் இன்ஜின். ஆயில் மோர் மாதிரி வெளுத்தது. ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல் மூடி) சிலிண்டருக்கும் நடுவில் அடைக்கும் கேஸ்கெட்டை இரண்டு தடவை மாற்றி, ஹெட்டை லேத்தில் ஃபேசிங் செய்து முகத்தைச் சமப்படுத்தியும் பலனில்லை.

ஓடும்போது அல்ல, இன்ஜின் நிற்கிற ராத்திரியில்தான் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு ஏறியது. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் வரும் வெள்ளைப் புகையும் இல்லை. அதனால் கீழே தேடினேன். ஆயிலை வடித்து, சைடு மூடியைக் கழற்றி, ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை) தண்ணீர் நிரப்பி டார்ச் அடித்தேன்: லைனரின் (பிஸ்டன் ஓடும் குழாய்) அடியில் சொட்டு.

பிஸ்டனை எடுத்து லைனரை உருவினால், தண்ணீர் ஆயிலுக்குள் இறங்காமல் அடைக்கும் ரப்பர் ரிங் தட்டையாகிக் கிடந்தது. அது உட்காரும் இடத்தில் துரு, போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவு. அதைச் சுத்தமாகச் சுரண்டாமல் புது ரிங் போட்டால் மறுபடி ஒழுகும். கிரீஸ் வேண்டாம், சில ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி நேராக இறக்கினேன். ஆயில் ஊற்றுமுன் ஒரு ராத்திரி தண்ணீர் மட்டும் நிரப்பி வைத்தேன். காலையில் அடி காய்ந்திருந்தது.