பழுது ரேமிலா, மதர்போர்டிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடலோர வீடுகளில் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டினால், கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை "போர்டு போச்சு", அதாவது எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மதர்போர்டு கெட்டது. அதை நம்பிப் பணம் கொடுக்கும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். உப்பும் ஈரமும் கலந்த காற்று ரேமின் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) தொடுமுனைகளில் படலம் கட்டினாலும் இதே அறிகுறிதான் வரும்.

பழுது தெரியும்வரை அந்தக் கணினியில் குடும்பப் படங்களை நகலெடுக்காதீர்கள், விண்டோஸ் அப்டேட்டும் போடாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் கோப்பு சத்தமில்லாமல் சிதைந்தே டிஸ்கில் உட்காரும்.

முதலில் சுத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேஸில் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். இழை உதிராத துணியில் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, தங்க நிறப் பகுதியை மெதுவாகத் துடையுங்கள். ரப்பர் வேண்டாம்; பூச்சைத் தேய்த்துவிடும், அதன் துகள் ஸ்லாட்டில் விழும். திரும்பச் செருகும்போது இரண்டு முனையும் முழுதாக இறங்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் தாழ்ப்பாள் இருக்கும். பாதி ஏறிய ரேம் அங்கேதான் ஏமாற்றும்.

அடுத்து பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனும் ரேம் வேகமூட்டும் அமைப்பை அணையுங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. அணைத்ததும் கோளாறு நின்றால், அந்த வேகத்தைத்தான் உங்கள் ரேம், போர்டு, சிபியூ கூட்டணி தாங்கவில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து ஓட்டினால் போதும்.

நிற்கவில்லையா? ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஒரே ஒரு ரேம் மட்டும், பொதுவாகச் சிபியூவிலிருந்து இரண்டாவதாக உள்ள ஏ2 ஸ்லாட்டில். குறைந்தது 4 சுற்று ஓடட்டும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உள்ள நாளானால் அட்டவணையைப் பார்த்து ஆரம்பியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது.

பிறகு அடுத்த ரேமை அதே ஸ்லாட்டில், பிழை காட்டிய ரேமை வேறு ஸ்லாட்டில் என ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் கெட்டது. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் அந்த ஸ்லாட் அல்லது போர்டில் அதற்குப் போகும் மின்தடம் கெட்டது.

மெம்டெஸ்ட் திரையில் வரும் எண்களையும் பாருங்கள். எட்டு எஃப் (FFFFFFFF) வர வேண்டிய இடத்தில் கடைசி எழுத்து மட்டும் பி (FFFFFFFB) ஆகிறது என்று வையுங்கள்: ஒரு பிட் விழுந்திருக்கிறது, அதாவது 1 இருக்க வேண்டிய ஓரிடத்தில் 0 வந்திருக்கிறது. ஒரே முகவரியில் அது திரும்பத் திரும்ப வந்தால் ரேம் சிப்பில் ஒரு செல் செத்திருக்கிறது. முகவரி மாறி மாறி, எந்த ரேமிலும் அதே பிட் விழுந்தால் ஸ்லாட் அல்லது சிபியூ சாக்கெட்டின் தொடுமுனையில் சந்தேகம். பிட்டும் முகவரியும் கண்டபடி சிதறினால் வேகம், சூடு, பவர் சப்ளை மூன்றையும் பாருங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பும் அதிர்ச்சியில் முதலில் அடி வாங்குவது பவர் சப்ளைதான். கணினி ஓடும்போது 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் நடுவே நிற்க வேண்டும். மல்டிமீட்டர் முனை அடுத்த பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும், கவனம்.

ஒரு சேனலின் (சிபியூவுக்குப் போகும் ஒரே பாதை) இரண்டு ஸ்லாட்டும், ஏ1, ஏ2 போல, சேர்ந்து செத்தால் போர்டை இன்னும் பழிக்க வேண்டாம். சிபியூ கூலரின் திருகு ஒரு பக்கம் அதிகமாக இறுகியிருக்கலாம். சிபியூ சாக்கெட்டில் பின் வளைந்திருக்கலாம். சிபியூவைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வளைந்த பின் மட்டும் வேறு விதமாக மின்னும். டிடிஆர்5 போர்டு முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்பது இயல்பு. ரேமைப் பழக்கிக்கொள்கிறது, நடுவில் அணைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு பிழை ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டுதான். மெம்டெஸ்ட் திரையையும் சாக்கெட்டையும் படமெடுத்த பிறகே கடைக்குப் போங்கள். வளைந்த பின்னைக் காட்டி வாரன்டியை மறுப்பது வழக்கம். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கி 6 மாதத்துக்குள் பழுதான பொருளுக்குப் பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்று கேட்கும் உரிமை உங்களுடையது.