கடைப் பணியாளரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைப் பணியாளரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். எதிரே நிற்பவர் அந்த இடத்தை விட்டு விலகிப் போக முடியாதவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் நாம் வெளியேறிவிடலாம். அவரோ வேலைநேரம் முடியும்வரை அங்கேயே நின்றாக வேண்டும்.

அடிக்கடி நிகழும் தவறு, கைப்பேசியில் பேசிக்கொண்டே பொருளை நீட்டுவது. பை வேண்டுமா என்று அவர் கேட்கும்போது கையசைத்து விடையளிப்பதும், முகம் பாராமல் பணத்தை மேசைமேல் போடுவதும் இதனோடு சேர்ந்தே வருகின்றன. அழைப்பைத் தவிர்க்க முடியாதென்றால், வரிசையிலிருந்து விலகி நின்று பேசி முடித்துவிட்டு வரலாம். வயதில் இளையவர் என்பதற்காக, அறிமுகமற்ற பணியாளரை ஒருமையில் அழைப்பதையும் நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

இவற்றினும் கொடியது, அவர் எடுக்காத முடிவுக்காக அவரைக் கடிந்துகொள்வது. விலையையும், விற்ற பொருளைத் திரும்பப் பெறும் விதியையும் வகுத்தவர் பெரும்பாலும் வேறொருவர். ஆயினும் வசை முழுவதையும் வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் நிற்க வேண்டியவர் இவர்தான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், ஊதியத்துக்காகத் தம் உணர்வுகளை இவ்வாறு அடக்கியாள வேண்டியிருப்பதும் உழைப்பே என்று 1983-இல் விளக்கினார். குறையைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில்லை, “இதை யாரிடம் முறையிடலாம்?” என்று கேட்டால், அவரையும் புண்படுத்தாமல் குறையும் உரிய இடத்தைச் சென்றடையும்.

முகமலர்ச்சி காட்டுவதும் வேலையின் ஒரு பகுதியே என்பதால், பணியாளரின் புன்னகையைத் தனிப்பட்ட நட்பாக எடுத்துக்கொள்வதும் தவறு. வரிசை காத்திருக்கையில் சொந்தக் கதை பேசுவது, தோற்றத்தைப் புகழ்வது, கைப்பேசி எண் கேட்பது ஆகியவை மறுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சங்கடப்படுத்துகின்றன.

பயணத்தில் அருகே அமர்ந்திருக்கும் அந்நியரிடம் நாம் செய்யும் தவறு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: அவர் பேச விரும்பமாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சிகாகோ பயணிகளிடம் நடத்தப்பட்டு, நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியரிடம் பேசினால் பயணத்தின் இனிமை குறையும் என்றே மக்கள் கணித்தனர். ஆனால் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களோ, தனித்திருந்தவர்களைவிடத் தம் பயணம் இனிதாக இருந்ததாகக் கூறினர். ஆகவே ஓரிரு சொற்களால் தொடங்கிப் பார்க்கலாம். அவர் காதொலிப்பானை அணிந்திருந்தாலோ, ஒற்றைச் சொல்லில் விடையளித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

கடையில் எப்போதாவது கோபத்தில் கடுஞ்சொல் கூறிவிட்டால், திரும்பிச் சென்று வருத்தம் தெரிவிப்பதில் இழுக்கில்லை. ஆனால் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஏன் கோபப்பட்டோம் என்று நீட்டி விளக்கினால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் “பரவாயில்லை” என்று சொல்வதும் அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும்.