காலேஜ் பன்டர எடை போடுறது எப்படி? நம்ம ஊரு பேரேட்டு முறை

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்த கையில இருந்து விட்டு எதிர் டீம் பக்கம் தூரமா உதைக்கிறவர்தான் பன்டர், அந்த உதைதான் பன்ட். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உதைக்கிற தூரத்தோட ஆவரேஜ மட்டும் பாத்து ஒரு பன்டர முடிவு பண்ணாதீங்க. ஒவ்வொரு ஏப்ரலும் என்எஃப்எல் (அமெரிக்காவோட தொழில்முறை லீக்) டீம்கள் காலேஜ் ஆட்டக்காரங்கள ரவுண்டு ரவுண்டா எடுக்கிற டிராஃப்ட் வரும்போது நம்ம காரைக்குடி தேவகோட்டை பசங்க குரூப்புல "இவன் 48 யார்ட் ஆவரேஜ், இவனத்தான் முதல்ல எடுப்பாங்க"ன்னு பெரிய வாக்குவாதமே நடக்குது. எங்க ஐயா பேரேட்ட (கணக்கு நோட்ட) புரட்டும்போதெல்லாம் சொல்லுவாரு, வரவ மட்டும் பாத்து சந்தோஷப்படாத, ஐந்தொகையில (கடைசி இருப்பு கணக்குல) என்ன நிக்குதுன்னு பாருன்னு. பன்டருக்கும் அதே கணக்குதான்.

2022 டிராஃப்ட எடுத்துக்கங்க. சான் டியேகோ ஸ்டேட்ல ஆடின மேட் அரைசா அதுக்கு முந்தின சீசன்ல 51.19 யார்ட் ஆவரேஜ் அடிச்சு காலேஜ் ரெக்கார்டே வச்சிருந்தாரு, ஆனா ஜோர்டன் ஸ்டவுட், ஜேக் கமார்டான்னு வேற ரெண்டு பன்டருங்க 4வது ரவுண்டுலயே போயிட்டாங்க, அரைசாவ 6வது ரவுண்டுலதான் எடுத்தாங்க. அப்ப டீம்காரங்க வேற எதையோ பாக்குறாங்கன்னுதானே அர்த்தம்?

அது என்னன்னு புரியணும்னா ஒரு ரூல் தெரிஞ்சாகணும். காலேஜ்ல பந்த உதைக்கிறதுக்கு முன்னாடியே உதைக்கிற டீம் லைன்ல நிக்கிற எல்லாரும் கீழ ஓட ஆரம்பிக்கலாம், என்எஃப்எல்ல ரெண்டு ஓரத்துல நிக்கிற ஆளுங்க மட்டும்தான் போகலாம், மத்தவங்க உதை விழுந்த அப்புறம்தான் தாண்டணும். அதனால காலேஜ்ல தாழ்வா நீளமா அடிச்சாலும் ஆளுங்க போய் மறிச்சிருவாங்க, என்எஃப்எல்ல அதே உதைக்கு எதிர் டீம் ரிட்டர்னர் பந்த புடிச்சு பத்து இருபது யார்ட் ஓடிருவான். பந்து மேல எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுதான், அதாவது ஹேங் டைம்தான் அங்க உசுரு.

அதனால கையில ஸ்டாப்வாட்ச் வேணும், போன்ல இருக்கிறதே போதும். பந்து கால விட்டு கிளம்புற நொடில அமுக்கணும், ரிட்டர்னர் கை படுற நொடில நிறுத்தணும், யாரும் தொடலன்னா தரைய தொடும்போது. 4.5 செகண்ட் வந்தா நல்ல உதை, 5 செகண்ட தொட்டா அபூர்வம். பொதுவா 45 யார்டுக்கு 4.5ன்னு கணக்கு வச்சுக்கங்க, தூரம் கூடி நேரம் கூடலன்னா அவன் கீழ ஓடி மறிக்கிற தன்னோட கவரேஜ் ஆளுங்கள விட்டுட்டு ஓவரா அடிக்கிறான்னு அர்த்தம். கண்ணுக்கு பழகுறதுக்கு நான் அக்கா மகன பொட்டல்ல பந்த மேல உதைக்க சொல்லி டைம் பாத்தேன், 3 செகண்ட தாண்டவே இல்ல, அப்பதான் 4.5ன்னா எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கே உறைச்சுது.

இப்ப பேரேடு. ஒரு நோட்ல ஒவ்வொரு பன்ட்டுக்கும் ஒரு வரி: எந்த யார்ட் லைன்ல இருந்து, எத்தனை யார்ட், ஹேங் டைம், ரிட்டர்ன் எவ்வளவு, மிச்சம் நெட் எவ்வளவு. ஒருத்தன் 55 யார்ட் அடிக்கிறான், ஹேங் 3.8, ரிட்டர்ன் 18, நெட் 37. இன்னொருத்தன் 44தான் அடிக்கிறான், 4.6, ஃபேர் கேட்ச் (ரிட்டர்னர் ஓடாம கை தூக்கி காட்டி புடிச்சுக்கிறது), நெட் 44. ஆவரேஜ்ல முதல் ஆளு ராஜா, ஐந்தொகையில ரெண்டாவது ஆளுதான். டச்பேக் இன்னும் மோசம், சொந்த 45 யார்ட் லைன்ல இருந்து எதிர் டீம் எண்ட் ஸோனுக்குள்ள (கோல் லைனுக்கு பின்னாடி இருக்கிற 10 யார்ட்) அடிச்சா 55 யார்ட் போன மாதிரி தெரியும் ஆனா பந்து எதிர் டீமோட 20 யார்ட் லைனுக்கு வந்துரும், கையில நிக்கிறது 35தான்.

ரோல்-அவுட் பண்ணி ஓடிக்கிட்டே உதைக்கிற ரக்பி உதைகள தனி பக்கத்துல எழுதுங்க, ரெண்டையும் கலந்தா கணக்கு கெட்டுப்போகும். மெல்போர்ன்ல இருந்து அயோவா காலேஜுக்கு வந்த டோரி டெய்லர் மாதிரி ஆஸ்திரேலியாக்காரங்க இதுலயும் கெட்டிக்காரங்க, அவர சிகாகோ பேர்ஸ் டீம் 2024ல 4வது ரவுண்டுல எடுத்தப்ப வயசு 26. பன்டர்னா வயச பத்தி ரொம்ப கவலைப்பட வேணாம்னு நான் நினைக்கிறேன், நாப்பது வயசு வரைக்கும் ஆடினவங்க இருக்காங்க.

ஓரமா அடிக்கிற திறமைய பாக்கும்போது ஹேஷ் மார்க்க (பந்த எந்த எல்லைக்குள்ள வச்சு ஆட்டத்த தொடங்கணும்னு காட்டுற மைதான கோடுகள) மறக்காதீங்க. காலேஜ்ல ரெண்டு ஹேஷுக்கும் நடுவுல 40 அடி, என்எஃப்எல்ல 18 அடி 6 அங்குலம்தான். காலேஜ்ல ஓரத்துக்கு பக்கத்துலயே நின்னு அடிக்க வாய்ப்பு கிடைக்கும், என்எஃப்எல் போனா கிட்டத்தட்ட நடுவுல இருந்துதான் ஓரத்துக்கு அனுப்பணும். அதனால ஹேஷ் எந்த பக்கம்னு ஒரு கட்டம் போட்டு எழுதிருங்க, தூர பக்கம் அடிச்சு வெற்றியானதுக்கு நான் கூடுதல் மார்க் குடுப்பேன்.

காத்தும் உயரமும் ஏமாத்தும். வயோமிங் காலேஜ் மைதானம் 7,000 அடிக்கு மேல இருக்கு, அங்க பந்து நல்லா பறக்கும். நவம்பர் மாசம் குளிர்ல, எதிர் காத்துல அடிச்ச மேட்ச்ச தேடிப் பாருங்க.

கை வேலை ரொம்ப முக்கியம், பலரும் பாக்குறதே இல்ல. ஸ்னாப்ப (முன்னாடி இருக்கிற ஆளு பின்னாடி அனுப்புற பந்த) புடிச்சதுல இருந்து கால் படுற வரைக்கும் 1.3 செகண்டுக்குள்ள வரணும். ஸ்லோ மோஷன்ல பந்த கீழ விடுறத பாருங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழுதான்னு, அது ஆடுச்சுன்னா உதையும் ஆடும். அதோட என்எஃப்எல்ல பெரும்பாலும் பன்டர்தான் ஃபீல்ட் கோலுக்கு (கம்பத்துக்கு நடுவுல அடிக்கிற உதைக்கு) பந்த தரையில புடிச்சுக்கிற ஹோல்டர், காலேஜ்ல ஹோல்ட் பண்ணியே இல்லன்னா அது ஒரு குறைதான்.

ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு மேட்ச் பத்தாது, முப்பது நாப்பது உதையாவது எழுதுங்க. சனிக்கிழமை அமெரிக்க கிழக்கு நேரப்படி மதியம் 12 மணி மேட்ச் நமக்கு ராத்திரி 9:30க்கு வரும், நவம்பர்ல அங்க கடிகாரத்த மாத்தின அப்புறம் 10:30க்கு, சாப்பிட்டு முகப்புல உக்காந்தா நிம்மதியா எழுதலாம். ரெண்டு பேரு சமமா வந்துட்டா நான் ஒரே ஒரு வரியத்தான் தேடுவேன், சொந்த 2 யார்ட் லைன்ல மாட்டிக்கிட்டு அடிச்ச உதை. வழக்கமா பந்துக்கு பின்னாடி தள்ளி நிக்கிற 15 யார்ட் அங்க கிடையாது, பின்னாடி எண்ட் லைன் வரைக்கும் 12தான் இருக்கும், எதிர் டீம் மொத்தமா பாய்ஞ்சு வரும். அந்த நேரத்துல எவன் பதறாம 45 யார்ட் அனுப்புறானோ அவன் பேர மேல எழுதுங்க.