மவுண்டிங் கிட் இல்லாத லிக்விட் கூலர்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகளில், திரவத்தை ஓடவிட்டுப் பிராசசரின் சூட்டைத் தணிக்கும் லிக்விட் கூலர் பெரும்பாலும் பெட்டி இல்லாமல்தான் கிடைக்கும். பம்ப் இருக்கும், ரேடியேட்டர் இருக்கும், ஃபேன்கூட மாட்டியே இருக்கும். ஸ்க்ரூ பை, அதாவது மவுண்டிங் கிட், மட்டும் இருக்காது. "நாலு ஸ்க்ரூதானே, எங்கேயாவது கிடைக்கும்" என்று சொல்லித் தருவார்கள். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மவுண்டிங் கிட்டின் வேலை கூலரை விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமல்ல. பம்பின் அடியில் இருக்கும் செம்புத் தகட்டை, பிராசசர் மேல் சரியான உயரத்தில், நான்கு பக்கமும் ஒரே அழுத்தத்தில் உட்கார வைப்பதும் அதுதான். உயரம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் வீண். அதனால் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), அடுத்து கிட், கடைசியில்தான் கூலர்.

படி 1: சாக்கெட்டைக் கண்டுபிடியுங்கள்

மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரே போதும். இன்டெல் பக்கம் எச்61, பி75 என்றால் எல்ஜிஏ 1155 சாக்கெட். எச்81, பி85 என்றால் 1150. எச்110, பி250, எச்310, பி365 என்றால் 1151. எச்410, எச்510, பி560 என்றால் 1200. கூலர் மாட்டும் விஷயத்தில் இவை எல்லாம் ஒரே குடும்பம். சாக்கெட்டைச் சுற்றியுள்ள நான்கு ஓட்டைகளும் 75 மி.மீ. சதுரத்தில் இருக்கும். எச்610, பி660, பி760 போர்டுகள் எல்ஜிஏ 1700. அங்கே சதுரம் 78 மி.மீ. 2024-ல் வந்த எல்ஜிஏ 1851-க்கும் அதே 78 தான்.

ஏஎம்டி பக்கம் கணக்கு சுலபம். ஏ320, பி450, ஏ520, பி550 என்றால் ஏஎம்4. ஏ620, பி650, பி850 என்றால் ஏஎம்5. இரண்டிலும் ஓட்டைகள் 54-க்கு 90 மி.மீ. செவ்வகம். பழைய ஏஎம்3 போர்டில் அது 48-க்கு 96. ஏஎம்4 பிராக்கெட் (பம்பைப் பிடிக்கும் சட்டம்) அதில் உட்காராது.

பெயர் அழிந்துபோயிருந்தால் ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். ஓட்டையின் நடுப்புள்ளியைக் கண்ணால் குறிப்பது கஷ்டம். 75-க்கும் 78-க்கும் வித்தியாசம் வெறும் 3 மி.மீ. என்பதால் தப்பாகிவிடும். ஒரு ஓட்டையின் இடது விளிம்பில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வையுங்கள், அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை படியுங்கள். அதுவே நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம்.

இன்னொரு வலை இருக்கிறது. அசூஸின் சில இசட்690 போர்டுகளில் 75, 78 இரண்டுக்குமே ஓட்டை உண்டு. பழைய 1200 கிட் அதில் நன்றாகவே இறங்கும். ஆனால் எல்ஜிஏ 1700 பிராசசர் பழையதைவிடச் சுமார் 0.8 மி.மீ. தாழ்வாக உட்காருகிறது. ஓட்டை பொருந்தியும் அழுத்தம் பொருந்தாமல் போவது இங்கேதான்.

படி 2: பம்ப் எந்த மாடல் என்று பாருங்கள்

பிராண்ட் பெயரை வைத்துக் கிட் தேடினால் ஏமாறுவீர்கள். கோர்சேரின் எச்100ஐ வி2 அசெடெக் தயாரித்த பம்ப்; அதே கோர்சேரின் எச்100ஐ ஆர்ஜிபி பிளாட்டினம் கூல்ஐடி தயாரித்தது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, பிராக்கெட் வேறு. முழு மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேடுங்கள்; அங்கே இல்லையென்றால் பம்ப் ஒயரில் சுற்றியிருக்கும் சின்ன லேபிளில் பாருங்கள்.

பிறகு பம்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். வட்டமான பம்பைச் சுற்றிப் பல் வெட்டு இருந்தால் பெரும்பாலும் அசெடெக் வகை; வளையம் போன்ற பிராக்கெட்டை உள்ளே விட்டுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். இந்த வகையைப் பல பிராண்டுகள் விற்றிருப்பதால் ஒன்றின் வளையம் மற்றொன்றுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். என்இசட்எக்ஸ்டி கிராக்கன் எக்ஸ்53, எக்ஸ்63 எல்லாம் இந்தக் கூட்டம்தான். பம்பின் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருந்தால், அந்த மாடலுக்கே உரிய இரும்புக் காதுகள் வேண்டும். அதற்கு மாற்று தேடுவது நேர விரயம்.

படி 3: கிட்டை முதலில் கையில் வாங்குங்கள்

இன்டெல் போர்டுக்கு முழுக் கிட் என்றால் இவ்வளவு: போர்டின் பின்னால் வைக்கும் பேக்பிளேட் 1, இரு முனையிலும் மரை உள்ள சின்னத் தூணான ஸ்டாண்ட்ஆஃப் 4, பம்பைப் பிடிக்கும் பிராக்கெட் 1 (சில மாடலில் இரண்டு துண்டு), மேலே இறுக்கும் திருகு 4. ஒன்று குறைந்தாலும் கிட் இல்லை என்றே கணக்கு.

ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பாதிச் சுமை குறைவு. பேக்பிளேட் போர்டோடு வந்திருக்கும். ஏஎம்5-ல் அதைக் கழற்றவும் கூடாது, சாக்கெட்டைப் பிடித்திருப்பதே அதுதான். ஆனால் ஏஎம்4-ல் பல கூலர்கள் போர்டோடு வரும் கறுப்புப் பிளாஸ்டிக் கொக்கிகளில்தான் மாட்டும். டவர் கூலர் (காற்றால் குளிர்விக்கும் உயரமான கூலர்) போடும்போது அவற்றைக் கழற்றி எறிந்திருந்தால், உங்களிடமும் ஒரு பாகம் குறைகிறது. வீட்டில் ஒருமுறை தேடிவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே தேடுவது? முதலில் தயாரிப்பாளரின் தளம். எல்ஜிஏ 1700 வந்தபோது கோர்சேர், என்இசட்எக்ஸ்டி, ஆர்க்டிக் மூன்றுமே பழைய மாடல்களுக்குத் தனிக் கிட் கொடுத்தார்கள். அடுத்தது, கூலர் விற்கும் அதே கடை. பம்ப் செத்துப்போன லிக்விட் கூலர்கள் ஸ்க்ராப் டப்பாவில் கிடக்கும். அதே மாடலாக இருந்தால் அதன் கிட் உங்கள் கிட்தான். "இதே மாடல் டெட் பீஸ் இருக்கா?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

கிட் விலையையும் கூரியரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை எல்லாக் கிட்டோடும் வரும் புதிய ஒற்றை டவர் ஏர் கூலரைத் தாண்டிவிட்டால், ஏர் கூலரே எங்கள் பரிந்துரை. 120 மி.மீ. ரேடியேட்டர் உள்ள கூலருக்குக் கிட் தேடி அலையவே வேண்டாம். ஒரு நல்ல டவர் கூலர் அதே வேலையைச் செய்யும். தேடுவதானால் 240 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளதற்குத் தேடுங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையே 37, 38 டிகிரி இருக்கும் ஊர் இது. உள்ளே ஓடும் திரவம் அதைவிடக் குளிராது. வேலை கூடும்போது அறை வெப்பத்துக்கு மேல் 10 முதல் 15 டிகிரி ஏறும். திரவம் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

படி 4: கடையிலேயே சோதியுங்கள்

ரப்பர் குழாய் பம்போடும் ரேடியேட்டரோடும் சேரும் நான்கு இடங்களையும் விரலால் தடவுங்கள். பச்சை நிறத்தில் உப்புப் பூத்தது போல இருந்தால் கசிவு, விட்டுவிடுங்கள். கூலரைக் காதருகே வைத்து மெதுவாகச் சாயுங்கள். லேசான சலசலப்பு எல்லாவற்றிலும் இருக்கும். பாதிக் குடம் போலக் குலுங்கினால், ஆண்டுக்கணக்கில் ரப்பர் வழியே திரவம் ஆவியாகிக் குறைந்திருக்கிறது. செம்புத் தகடு நடுவில் மிக லேசாகப் புடைத்திருப்பது தயாரிப்பிலேயே உள்ளது, அதைக் குறையாக எண்ண வேண்டாம். குழி விழுந்திருந்தால்தான் குறை.

பம்புக்குக் கரண்ட் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும், கடகடவென்ற சத்தம் இருக்கக்கூடாது. பம்போடு ஒட்டாத தனி ஒயர்கள் எதாவது தேவைப்படுமா என்றும் பாருங்கள். சில மாடலில் பம்ப் ஒயரே கழற்றி மாட்டும் வகை, அது தொலைந்தால் இன்னொரு தேடல்.

படி 5: ஸ்க்ரூவில் செய்யும் தவறுகள்

ஏஎம்4, ஏஎம்5 பேக்பிளேட்டில் இருப்பது 6-32 என்ற அங்குல மரை. அதன் தடிமன் சுமார் 3.5 மி.மீ. எம்3 ஸ்க்ரூ போட்டால் பிடிக்காமல் வழுக்கும்; எம்4 நுழையாது; எம்3.5 இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் மரை அழியும். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை இறுக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் இதே 6-32 தான். அதை எடுத்துப் பேக்பிளேட்டில் விரலாலேயே சுற்றிப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் அளவு உறுதி. அந்த ஸ்க்ரூவையே மாதிரியாகக் காட்டிப் பாரிமுனைப் பக்கத்து நட்டு-போல்ட் கடைகளில் நீளமானதைக் கேட்கலாம்.

ஃபேனை ரேடியேட்டரில் மாட்டும் ஸ்க்ரூவிலும் கவனம் வேண்டும். 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. நீளம் வழக்கம். 35 போட்டால் முனை உள்ளே போய் நீர் ஓடும் தட்டையான குழாயைக் குத்திவிடும். அதற்கு ரிப்பேர் கிடையாது. கோர்சேரில் பெரும்பாலும் 6-32, வேறு பல பிராண்டில் எம்3. மாட்டும் முன் ஸ்க்ரூவை ஃபேன் ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது, ஸ்டாண்ட்ஆஃபுக்கு அடியில் வாஷர் அடுக்குவது இரண்டும் கூடாது. சூட்டில் டை தளரும். வாஷர் அடுக்கினால் ஸ்டாண்ட்ஆஃப் இன்னும் உயர்ந்து அழுத்தம் குறையும். இரும்பு வாஷர் போர்டின் தடத்தில் உரசினால் ஷார்ட் ஆகும். 3டி பிரிண்ட் செய்வதானால் மேல் வளையத்தை மட்டும் செய்யுங்கள், அதுவும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் வேண்டாம். அது 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பேக்பிளேட் இரும்பாகவே இருக்கட்டும்.

படி 6: பொருத்துங்கள், கழற்றுங்கள், மறுபடி பொருத்துங்கள்

பிராசசரையும் செம்புத் தகட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை). பம்பை நேராக இறக்கி, நான்கு திருகையும் விரலால் பிடிக்கும் வரை மட்டும் சுற்றுங்கள். பிறகு குறுக்காக இறுக்குங்கள்: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது; ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைக்கு இரண்டு சுற்று. ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பம்ப் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். திருகு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் உடனே கழற்றிப் பாருங்கள். வேறு இடத்தில் திரட்டிய கிட் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஏஎம்4-ல் நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டை விட்டு ஒட்டிக்கொண்டே வந்துவிடும், அதன் அடியில் உள்ள ஊசிகள் வளையும். பம்பை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். பிராசசர் மேல் பேஸ்ட் நடுவிலிருந்து மெல்லிய படலமாகப் பரவி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திரண்டிருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால் சாய்ந்திருக்கிறது. திருகுகளை எண்ணி இறுக்குங்கள். வைத்த பட்டாணி கொஞ்சம் நசுங்கி அப்படியே இருந்தால் ஸ்டாண்ட்ஆஃப் உயரம் அதிகம். கிட் தப்பு, இறுக்கித் தீராது. அழுத்தம் சரி என்று தெரிந்த பிறகு, துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டு மறுபடி மாட்டுங்கள்.

ரேடியேட்டரை கேபினெட்டின் மேற்பக்கம் வைத்தால் நல்லது. முன்பக்கம் வைத்தால் அதன் உச்சி பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுக் குமிழி பம்பில் தங்கும். பம்ப் ஒயர் போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதியிருக்கும் ஹெடரில் (ஒயர் செருகும் இடம்), ஃபேன் ஒயர் சிபியு ஃபேன் ஹெடரில். சிபியு ஃபேன் ஹெடர் காலியாக இருந்தால் பல போர்டுகள் ஃபேன் எரர் காட்டி நின்றுவிடும்.

படி 7: முதல் பத்து நிமிடம்

நேராக பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) போய் வெப்பத்தைப் பாருங்கள். மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்றால் நிம்மதியாக விண்டோஸுக்குப் போகலாம். சில நொடிகளில் 90-ஐத் தொட்டால் உடனே அணையுங்கள். தகடு பிராசசரைத் தொடவில்லை, அல்லது அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. நிதானமாக ஏறி, ஏறிக்கொண்டே போனால் பம்பைச் சந்தேகியுங்கள். இரண்டு குழாயையும் கையால் பிடித்துப் பாருங்கள். நீர் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கும். ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்திருந்தால் பம்ப் சுற்றவில்லை, அல்லது உள்ளே அடைத்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன சோதனை நாட்களுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், கிட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு.