ஜெயின் சம்பந்திமாரோடு பெந்தோட்டைக்கு: கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்கு

எங்கள் மகள் ஒரு குஜராத்தி ஜெயின் குடும்பத்தில் கலியாணம் முடித்திருக்கிறாள். போன டிசம்பரில் சம்பந்திமாரையும் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து கொழும்புக்குப் போய், பெந்தோட்டைக் கடற்கரையில் சில நாள் தங்கினோம். எங்கள் பிள்ளைகள் இப்போது எல்லா இனத்திலும் கலியாணம் செய்கிறார்கள். இப்படி ஒரு பயணம் உங்களுக்கும் வரலாம்.

முதலில் எந்தக் கடற்கரை என்பது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆகஸ்டில் வருகிறவர்கள் பெந்தோட்டை, ஹிக்கடுவை என்று பதிவு செய்தால் அலை இறங்கவே விடாது. அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் நிலாவெளி, பாசிக்குடாப் பக்கம் போங்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட என்பதால் நீர்கொழும்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் மீன் சந்தையை ஒட்டிய மணலில் தும்புப் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டிருப்பார்கள். ஓர் எறும்பையும் மிதிக்காமல் நடக்கப் பார்க்கிறவர்களை அங்கே கூட்டிப் போகாதீர்கள். பெந்தோட்டைக்கு அதிவேக வீதியில் வெலிப்பன்னையில் இறங்கலாம். நேரமிருந்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து பெந்தோட்டைக்குப் பக்கத்து அளுத்கமைக்கு ரயில் எடுத்து, வலப்பக்க யன்னலில் இடம் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடல் கூடவே வரும்.

இனிச் சாப்பாடு. வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட், மரவள்ளி, பச்சை இஞ்சி என்று மண்ணுக்குக் கீழே விளைகிற எதுவும் ஆகாது. காய்ந்த சுக்கும் மஞ்சள் தூளும் பெரும்பாலானவர்களுக்கு ஆகும். தேனும் காளானும் கூடாது. கத்தரிக்காயையும் பலர் ஒதுக்குவார்கள். இலங்கையில் இன்னொரு தொல்லை மாசி என்கிற காய்ந்த மீன். மரக்கறிச் சாப்பாடு என்று சொல்லி வைக்கிற தேங்காய்ச் சம்பலிலும் பருப்பிலும்கூட மாசித்தூள் விழுந்திருக்கும். வட்டிலப்பத்தில் முட்டை இருக்கும். பரிமாறுகிற பையனிடம் சொல்லிப் பயனில்லை, சமையல்காரரையே கூப்பிட்டுச் சிங்களத்தில் சொல்லுங்கள்: "லூணு எபா, சுதுலூணு எபா, அல எபா, உம்பலகட எபா." வெங்காயம், உள்ளி, கிழங்கு, மாசி நான்கும் வேண்டாம் என்று அவருக்கு உடனே விளங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிச் சைவக் கடைகளை நம்பிப் போனாலும், சாம்பாரில் சின்ன வெங்காயம் காலையிலேயே வெந்திருக்கும்.

இவ்வளவையும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். எங்களைப் பாடாய்ப் படுத்தியது நேரம். என் சம்பந்திமார் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. கொழும்பில் டிசம்பரில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். எங்கள் வீடுகளிலோ விருந்து என்றால் எட்டு மணிக்குப் பிறகுதான்.

வெள்ளவத்தையில் என் பெரியம்மா இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. நேரே பெந்தோட்டை போய்விட்டு, திரும்பும்போது அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். ஹோட்டலுக்குக் காசும் கட்டியாயிற்று. வெளிக்கிடுவதற்கு முதல் கிழமை பெரியம்மா போன் எடுத்தார்.

"சம்பந்தி ஆக்கள் என்ர வீட்டில கை நனைக்காமல் கடல் பார்க்கப் போறதோ? வந்து இறங்கின அண்டைக்கு இரவுச் சாப்பாடு இங்கதான். கொட்டாஞ்சேனை ஆக்களுக்கும் தெஹிவளை ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்."

இரவில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்றேன். "அப்ப ஒரு பால் எண்டாலும் குடிப்பினம்தானே" என்றார். அதுவும் இல்லை என்றேன். வெங்காயக் கதையை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெங்காயம் போடாமல் அது என்ன கறி, பிள்ளை?" ஹோட்டலில் கேட்டால், முதல் இரவு வராவிட்டால் காசு திரும்பாது, முன்கூட்டி எழுதித் தராவிட்டால் மிச்ச நாளுக்கும் அறை இல்லை என்றார்கள். ஏலாது என்று சொல்லிவிடும்படி என் கணவர் சொன்னார். மகளும் அதையே சொன்னாள்.

அவர்களுக்குச் சொல்வது சுகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசா கிடைக்கும் வரை நான் பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன். பொலிஸ் பதிவுக்கு என்னோடு வந்து, வெயிலில் வரிசையில் நின்று, "இவள் என்ர பிள்ளை" என்று கையெழுத்து வைத்தவர் அவர். பிறகு நான் போனேன். அவர் பெற்ற பிள்ளைகளும் கனடா போய்விட்டார்கள். பிளேன் ஏறிப் போனவர்களுக்கு அவரிடம் "ஏலாது" என்று சொல்ல வாய் வருமா?

ஒரு இரவுக் காசை விட்டோம். விருந்தைப் பின்னேரம் நாலரைக்கு மாற்றும்படி கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்தேன். அன்று நேரத்தோடு குசினிக்குள் போனால், சொதியில் வெட்டிய சின்ன வெங்காயம் மிதக்கிறது. நான் வாய் திறக்க முதல் சம்பந்தி அம்மா உள்ளே வந்துவிட்டார். சட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருவலையில் உட்கார்ந்து ஒரு பாதித் தேங்காயைத் திருவத் தொடங்கினார். பெரியம்மா அவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புதுச் சட்டி எடுத்து, பச்சை மிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு, பால் விட்டு, தேசிக்காய் பிழிந்து இரண்டாம் சொதி வைத்தார். இடியப்பம், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, செத்தல் மிளகாயும் உப்பும் புளியும் மட்டும் போட்ட சம்பல். சம்பந்திமார் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். உங்கள் வீட்டாருக்கும் இதையே எழுதி அனுப்புங்கள்.

அதோடு முடியவில்லை. முதலில் சொன்ன இரவுச் சாப்பாட்டுக்கென்று எட்டு மணிக்கு வந்த சொந்தங்கள், விருந்தாளிகள் தண்ணீரும் தொடாமல் இருந்ததைக் கண்டு மனம் கோணிப் போனார்கள். பெரியம்மா இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிக் கவலைப்படுகிறார். ஆகவே வயதான ஒருவர் கொழும்பில் இருந்தால், ஹோட்டலுக்குக் காசு கட்ட முதல் அவருக்குப் போன் எடுங்கள். வந்து இறங்குகிற நாளை அவருக்கு விடுங்கள். விருந்தை மத்தியானச் சாப்பாடாகக் கேளுங்கள், எல்லா உறவும் ஒரே நேரத்தில் உட்காரும்.

ஹோட்டல் பக்கம் இனி அதிகமில்லை. இரவு பஃபே திறப்பது ஏழு, ஏழரைக்கு. ஐந்தரைக்கே தனியாகச் சமைத்துத் தருவோம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கி, அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். எங்களுக்குப் போனில் "ஓம், பிரச்சினை இல்லை" என்றார்கள். போய்ச் சேர்ந்த அன்று குசினியில் ஒருவருக்கும் தெரியாது. காலைச் சாப்பாட்டில் சிக்கலில்லை: சூரியன் உதித்து 48 நிமிடம் கழித்துத்தான் அவர்கள் வாய் நனைப்பார்கள், அதற்குள் ஹோட்டலிலும் திறந்துவிடும். எருமைத் தயிரோடு வருகிற கித்துள் பாணியைத் தேன் என்று நினைத்து ஒதுக்குவார்கள், மரத்துப் பாணி என்று சொல்லிக் கொடுங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளுக்குப் பல ஹோட்டல்களில் விசேட விருந்துக் காசைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். அந்த விருந்து இருட்டிய பிறகுதான் தொடங்கும். உங்கள் ஆட்கள் ஒரு வாயும் சாப்பிடப் போவதில்லை, அந்த இரண்டு இரவுகளையும் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள்.