கர்ப்ப காலத்தில் லோ பி.பி.: வீட்டில் சரியாக அளந்து பார்ப்பது எப்படி?

செக்கப்பில் "பிரஷர் கொஞ்சம் லோவா இருக்கு" என்று சொன்னால் போதும், வீட்டில் ஒருவர் உப்பு தூக்கலாக மோர் கரைத்து வருவார், இன்னொருவர் "குழந்தை எடை போடாமல் போய்விடுமே" என்று கவலையைக் கிளப்புவார். முதலில் அந்த அளவு சரிதானா என்று பார்ப்போம்.

பொதுவாக 90/60க்குக் கீழே இருந்தால் லோ பி.பி. கர்ப்பத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால், ஆரம்ப மாதங்களிலேயே பிரஷர் இறங்கத் தொடங்கும். 20 முதல் 24 வாரங்களில் நன்றாக இறங்கி, கடைசி மூன்று மாதங்களில் பழையபடி ஏறும். ஆக, ஐந்தாம் மாதத்தில் 95/60 என்று காட்டினால், வேறு தொந்தரவு இல்லாதவரை பதறத் தேவையில்லை.

படி 1: பட்டையைப் பாருங்கள்

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியே நல்லது. ஒல்லியான கையில் பெரிய பட்டையைக் கட்டினால் பிரஷர் குறைவாகக் காட்டும். லோ பி.பி. என்று பயந்து வருகிறவர்களில் ஒல்லியானவர்கள் நிறைய என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இஞ்ச் டேப்பால் மேல்கையின் நடுச் சுற்றளவை அளந்து, பட்டையில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள்.

படி 2: உட்காருங்கள்

காபி, டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். கை உயர்ந்தாலும் அளவு குறையும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தபடி அளக்காதீர்கள். கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் அப்போது பிரஷர் இறங்கக்கூடும்.

படி 3: இரண்டு முறை

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். எழுந்தால் தலைசுற்றுகிறது என்றால், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடங்களிலும் அளக்கலாம். உட்கார்ந்து அளந்ததைவிட மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, குழந்தை வளருமா?

கர்ப்பத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் விரிந்துவிடுவதால், தாயின் பிரஷர் சற்றுக் குறைந்தாலும் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும். லோ பி.பி. உள்ள சிலருக்குக் குழந்தை சிறியதாகப் பிறப்பது உண்டு. ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், சரியாகச் சாப்பிட முடியாதவர்கள். அதையும் கணக்கில் எடுத்தால் பிரஷரின் பங்கு சுருங்கிவிடுகிறது. என் கருத்தில், கவலைப்படுவதென்றால் இரண்டு விஷயங்களுக்குக் கவலைப்படலாம்: எடை ஏறாமல் இருப்பது, ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போவது. உயர் ரத்த அழுத்தம்தான் குழந்தையின் வளர்ச்சியை நேரடியாகப் பாதிக்கும்.

வளர்ச்சியைப் பி.பி. கருவி சொல்லாது. 24 வாரத்துக்குப் பிறகு நர்ஸம்மா டேப் வைத்து, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை வயிற்றை அளப்பார். அந்த சென்டிமீட்டர் கிட்டத்தட்ட வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். ரொம்பக் குறைந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அடுத்த முறை போகும்போது "வயிற்று அளவு சரியா இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

படுக்கையிலிருந்து ஒரு பக்கமாகத் திரும்பி, சற்று உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள். ஒருக்களித்துப் படுங்கள். தண்ணீர், இளநீர், மோர் எல்லாம் குடிக்கலாம். டாக்டர் சொல்லாமல் உப்பை மட்டும் கூட்ட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

ரத்தப்போக்கு, கடுமையான வயிற்றுவலி, மயங்கி விழுதல், மூச்சுத்திணறல், குளிரோடு காய்ச்சல், ஏழாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் கருவியைத் தேடி நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.